பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில்

உங்கள் ஸ்டேஷன் காபி எங்கள் அலுவலகத்துக் காபியைவிட எவ்வளவோ மேல். அங்கே காலையில் போட்டு வைத்ததையே சாயங்காலம் வரை சுடவைத்துக் குடிப்போம். வக்கீல் ஹார்லனுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. அவருக்கு நாக்கு பேசுவதற்கு மட்டும்தான்.

அவரிடம் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. போன் எடுப்பது, மனுக்களைத் தட்டச்சு செய்வது, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் நான்தான். எங்களுக்கு வருவதில் பெரும்பாலும் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகள். அதிலும் பாதி பள்ளிக்கூடப் பிள்ளைகள். திங்கட்கிழமை காலையில் போன் அடித்தால் யாராவது ஓர் அம்மாவாகத்தான் இருக்கும். "ரெண்டு பீர்தாங்க குடிச்சான். ஊதச் சொன்னப்போ கொஞ்சம்தான் காட்டுச்சாம். அதுக்கெல்லாமா கேஸ் போடுவாங்க?" என்பார்கள்.

இருபத்தொன்று ஆகாதவர்களுக்குக் 'கொஞ்சம்' என்ற அளவே கிடையாது, துளி காட்டினாலும் உரிமம் போகும் என்று சொல்வேன். யாராவது அடிபட்டிருந்தால், "பையனுக்குப் பதினேழு ஆயிடுச்சா?" என்று கேட்பேன். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் பதினேழு வயதுப் பையன் ஓட்டுப் போட முடியாது. கடையில் ஒரு சிகரெட் வாங்க முடியாது. ஆனால் குற்றம் செய்துவிட்டால் மட்டும் அவன் முழு ஆள். பெரியவர்களின் நீதிமன்றம், பெரியவர்களின் சிறை, ஆயுசுக்கும் அழியாத பதிவு. பதினாறு என்றால் சிறார் நீதிமன்றம். கதவைச் சாத்திக்கொண்டு விசாரிப்பார்கள், பேர் வெளியே வராது, பிறகு எல்லாவற்றையும் மூடி முத்திரை வைத்துவிடுவார்கள்.

இது நான் எழுதிய சட்டம் இல்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் கோல்பிக்கு அந்த ஆகஸ்டில் பதினேழு முடிந்திருந்தது. அவன் நண்பன் ரஸ்ஸுக்குப் பிறந்தநாள் டிசம்பரில். அதுவரை அவனுக்குப் பதினாறுதான். மற்ற எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

ரஸ் எனக்கு அந்நியன் இல்லை. அவனுடைய அம்மா ட்ரேசி பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டில் இல்லாத நாட்களில் எல்லாம் அவன் என் சாப்பாட்டு மேசையில்தான் இருப்பான். அவனுக்குக் குளிர்காலத்து பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது நான், பல் வலித்தபோது டாக்டரிடம் கூட்டிப் போனது நான். கோல்பி மல்யுத்தத்தில் மாவட்டத்திலேயே முதல் ஆளாக இருந்தான். அயோவாவில் ஒரு கல்லூரி அவனுக்கு இடம் வைத்திருந்தது. ரஸ்ஸுக்கு அப்படி எந்த இடமும் காத்திருக்கவில்லை. நல்ல பையன், எதையும் எதிர்பார்க்காத பையன். நான் அவனைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இருந்ததைச் சொல்கிறேன்.

நவம்பரில், மான் வேட்டை ஆரம்பிக்கிற சனிக்கிழமை அது. விடிந்ததுமே கோல்பி ஒரு கொம்பு மான் அடித்துவிட்டான். கராஜ் விட்டத்தில் அதைத் தொங்கவிட்டு, இரண்டு பேரும் வேட்டைக்குப் போட்ட ஆரஞ்சு நிற மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் சாசேஜ் வறுத்தேன். பீர் இருந்தது, பிராந்தியும் சோடாவும் இருந்தது. பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் தன் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுக்க இந்த மாநிலத்தில் தடை இல்லை, தெரியும்தானே. அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. கூடவே உட்கார்ந்திருக்கிற பையனை வெறும் வாயோடு எப்படி வைத்திருப்பது? எங்கேயோ காட்டில் போய்க் குடிப்பதைவிட என் கண் முன்னால் குடிக்கட்டும் என்றுதான் எப்போதும் சொல்வேன். இந்த ஊரில் பாதி அம்மாக்கள் அதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் இந்த அறையில் உட்கார்ந்திருக்கவில்லை.

அந்த வருஷம் குளிர் பிந்திவிட்டது. இறைச்சி கெட்டுவிடக் கூடாதென்று ஐஸ் போட்டுக்கொண்டே இருந்தோம், பொழுது சாயும்போது அது தீர்ந்துபோனது. பையன்கள் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஐஸ் வாங்கப் பெட்ரோல் பங்குக்குக் கிளம்பினார்கள். கொஞ்ச நேரத்தில் கோல்பி போன் செய்தான். "அம்மா, வா. அம்மா, வா" என்பதுதான் கேட்டது. நான் என் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

சோளம் அறுத்த வயல்களுக்கு நடுவில், வளைவு தாண்டி, வண்டி பள்ளத்தில் பக்கவாட்டாகச் சாய்ந்து கிடந்தது. கோல்பி ரோட்டில் மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். தள்ளி, ரோட்டோரத்தில் பெவ் ஷிம்கே கிடந்தாள். பெவ்வை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறியவள். இரண்டு பையன்களுக்கும் முதல் வகுப்பிலிருந்து அவள் கையால்தான் மதியச் சாப்பாடு. அன்றைக்கு அவளும் ஒரு மான் அடித்து, அதை ரோடு வரை இழுத்து வந்து, புருஷன் லைல் வண்டி கொண்டுவருவான் என்று நின்றிருக்கிறாள்.

"கை காட்டுனாங்கம்மா," என்றான் கோல்பி. "நாங்க நிப்பாட்டி ஒரு கை பிடிப்போம்னு நெனச்சாங்க. சிரிச்சாங்க. கண்ணுல வெயில் அடிச்சுது, பிரேக்குன்னு நெனச்சு..."

"யாருக்காவது போன் பண்ணியா?"

"உனக்குத்தான் பண்ணேன்."

அலுவலகத்தில் நான் எத்தனையோ அம்மாக்களுக்குச் சொல்லியிருக்கிறேன், பதறாதீர்கள், முதலில் வயசைச் சொல்லுங்கள் என்று. அன்றைக்கு அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். ஒரு பெண் செத்திருக்கிறாள். ஓட்டியவன் குடித்திருக்கிறான். பதினேழு என்றால் இருபத்தைந்து வருஷம் வரை போடலாம். பதினாறு என்றால் சிறார் நீதிமன்றம். நடந்தது ஒன்றுதான், அதைத் திருப்ப யாராலும் முடியாது. அதற்கு விலை கொடுக்கிறவன் யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. குறைந்த விலையில் முடிகிற இடத்தில் அதை முடிப்பதில் யாருக்கு நஷ்டம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் அந்தக் கணக்கில் தப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. மற்றவர்கள்தான் அதைக் கெடுத்தார்கள்.

பிக்கப்பில் ஒரே நீள இருக்கை. ரஸ் கதவோரமாகச் சரிந்து கிடந்தான், நெற்றியில் ரத்தம். பெல்ட்டைக் கழற்றினேன். ஓட்டுநர் பக்கத்தில் ஏறி, அவன் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். அவன் அப்போது மயக்கத்தில் இல்லை. கோல்பி உங்களிடம் மயக்கம் என்று சொல்லியிருக்கிறான், அவன் பின்னால் நின்றிருந்தான்.

"ஆன்ட்டி, வேணாம். முதுகு... வலிக்குது ஆன்ட்டி," என்றான் ரஸ்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ."

"கோல்பி எங்க? அவனுக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாருக்கான். நீ கண்ண மூடிக்கோ."

மூடிக்கொண்டான். எப்போதும் சொன்ன பேச்சு கேட்கிற பையன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்து, அந்தப் பக்கத்து பெல்ட்டைப் போட்டுவிட்டேன். கோல்பி என் தோளைப் பிடித்து, "அம்மா, என்ன பண்ற? ஏன் அவன இழுக்குற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "ரஸ் ஓட்டுனான். நீ பக்கத்துல இருந்த. வேற ஒண்ணும் உனக்குத் தெரியாது" என்றேன். இரண்டு தடவை சொல்லவைத்தேன்.

அதற்குப் பிறகு பெவ்விடம் போனேன். மூச்சு இல்லை. முதலிலேயே அவளிடம் போயிருந்தால் இருந்திருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரும் அதை உறுதியாகச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன்.

வந்தவர்கள் யாரும் பையன்களின் தோளைப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவனுக்கு பெல்ட் இடது தோளில் அழுத்தும், பக்கத்தில் இருப்பவனுக்கு வலது தோளில். ரஸ்ஸுக்கு வலது தோளில் கன்றிப் போயிருந்தது. ஒருவராவது சட்டையை விலக்கிப் பார்த்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். இதையும் என் கணக்கில்தான் எழுதுவீர்கள் என்று தெரியும்.

மது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாமல் கராஜ் பிரிட்ஜிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். கோல்பிக்கு வயது வராமல் குடித்ததற்காக அபராதம் போட்டார்கள், உரிமத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தினார்கள். அதை நாங்கள் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் ரஸ்ஸுக்கு நினைவு வந்தபோது அந்தச் சாயங்காலம் முழுக்கவே அவனுக்கு ஞாபகத்தில் இல்லை. நான் இழுத்ததும் இல்லை. தலையில் அடிபட்டால் அப்படி ஆகும் என்றார்கள். முதுகெலும்பில் அறுவை செய்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு யாராவது அவனை அசைத்தார்களா என்று டாக்டர் என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். அவன் இப்போது கோல் ஊன்றித்தான் நடக்கிறான்.

ட்ரேசி ஷிப்டுக்குப் போகும்போது நான்தான் அவன் பக்கத்தில் இருந்தேன். "நான் எப்டி ஆன்ட்டி ஓட்டியிருப்பேன்? கோல்பி வண்டிய யாருக்கும் குடுக்க மாட்டானே," என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். "நீதான் கெஞ்சிக் கேட்ட," என்றேன். "மான் கெடைக்கலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருந்த. பாவம்னு சாவியக் குடுத்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, மான் கெடைக்கல" என்றான். அது நிஜம். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதற்கும் வந்தான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். வெயில், வளைவு, பெவ் சிரித்தது, அவள் கை காட்டியது. கதை தெரியாமல் நீதிமன்றத்தில் உளறினால் அவனுக்குத்தானே கெடுதல். டிசம்பர் முடிவதற்குள் அவனே எனக்குத் திருப்பிச் சொன்னான், நான் சொல்லாத சிலதையும் சேர்த்து. ஸ்டியரிங் கையில் அதிர்ந்தது என்றான். அது அவனுடைய சரக்கு, நான் கொடுக்கவில்லை.

ஹார்லனிடம் பேசி, அவர் இந்த வழக்கைக் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். ட்ரேசி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொண்டா, நீ இல்லேன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்" என்றாள். அவனுக்கான மனுக்களை எல்லாம் நானே தட்டச்சு செய்தேன். ஒரு எழுத்துப்பிழை இருக்காது, போய்ப் பாருங்கள்.

பிறகு அரசு வக்கீல் வழக்கைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்லி மனுப் போட்டார். செத்தது ஊருக்கே பரிமாறிய பெண், ஊர் கொதிக்கிறது, பையன் பதினேழைத் தொட்டுவிட்டான் என்றார். நீதிபதியும் சம்மதித்தார். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. பதினாறு என்றால் பதினாறுதானே? ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, ஊர் முணுமுணுக்கிறது என்பதற்காக நீதிபதியே அதைத் தாண்டிப் போனால் சட்டத்தை நம்பி ஒரு முடிவு எடுத்தவர்கள் கதி என்ன? ஹார்லனிடம் கத்தினேன். "ரொண்டா, மாத்த முடியும்னு உனக்கும் தெரியுமே, நீயே எத்தன தடவ டைப் அடிச்சிருக்க," என்றார். தெரியும். அபூர்வமாக நடப்பது என்றும் தெரியும். அது நமக்கு நடக்கும் என்று யார் நினைக்கிறார்கள்?

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லி என்ன ஆகும்? ரஸ் பாதி வழி வந்துவிட்டான். அதற்குள் அவன் தன்னைக் குற்றவாளியாகவே நினைக்கப் பழகியிருந்தான். கோல்பிக்கு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இரண்டு பையன்களைக் கெடுப்பதைவிட ஒருவனோடு நிற்கட்டும் என்று விட்டேன்.

ரஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஐந்து வருஷச் சிறை. தீர்ப்புக்கு முன்னால் அவனைப் பேசச் சொன்னார்கள். கோலை ஊன்றி எழுந்து, லைலைப் பார்த்து, "அவங்க எனக்கு எப்பவும் ஒரு கரண்டி கூடவே போடுவாங்க" என்றான். லைல் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் ரஸ் என் பக்கம் திரும்பினான்.

"ஆன்ட்டி, கோல்பியையும் நான் கொன்னிருப்பேன். நீங்க எனக்கு சோறு போட்டீங்க. மன்னிச்சிருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "மன்னிச்சுட்டேன் ரஸ்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

இவ்வளவும் யாருக்காகச் செய்தேனோ அவன்தான் எனக்கு ஒத்துழைக்கவில்லை. கோல்பி மல்யுத்தத்தை விட்டான். அயோவாவிலிருந்து பயிற்சியாளர் போன் செய்தால் எடுக்க மாட்டான். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைப்பேன், தட்டைத் தள்ளிவிட்டுப் போவான். ஒரு நாள் கேட்டுவிட்டேன். "ஒரு பையன் உனக்காக உள்ள இருக்கான். நீ இப்டி வீணாப் போனா அதுக்கு என்ன அர்த்தம்?"

"எனக்காக இல்லம்மா, என்னால," என்றான். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

போன வாரம் எனக்குத் தெரியாமல் சிறைக்குப் போய் ரஸ்ஸைப் பார்த்திருக்கிறான். ரஸ் அவனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறான். தனக்குத் தூக்கம் வருவதில்லை என்றும், கண்ணை மூடினால் பெவ் சிரித்துக்கொண்டே கை காட்டுவது தெரிகிறது என்றும் சொல்லியிருக்கிறான். அந்தக் கையை வண்டிக்குள்ளிருந்து பார்த்தவன் கோல்பி ஒருவன்தான். ரஸ் அப்போது குனிந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தானாம். கோல்பி அதைச் சொன்னது உலகத்தில் என் ஒருத்தியிடம் மட்டும். அது எப்படி ரஸ்ஸின் தலைக்குள் போனது என்று அவனுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. வீட்டுக்குக்கூட வரவில்லை. நேரே உங்களிடம் வந்துவிட்டான்.

நேற்று ட்ரேசி வந்தாள். நான் கதவைத் திறந்தேன், ஒளிந்துகொள்ளவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். வாசலில் நின்றபடியே மெதுவாகத்தான் பேசினாள்.

"கோல்பிதான் ஓட்டுனான்னு அவங்கிட்ட இப்ப சொன்னா, என் பிள்ள நம்ப மாட்டேங்கிறான்டி. இல்லம்மா, நான்தான், எனக்கு ஞாபகம் இருக்குன்றான். முதுகப் போக்குன, சரி. வருஷத்தப் போக்குன, சரி. அவன் மண்டைக்குள்ள போய் உக்காந்துட்டியே. அங்கேர்ந்து உன்ன எப்டி வெளிய எடுக்கறது?"

காபி குடிக்கிறாயா என்று கேட்டேன். போய்விட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் கோபப்பட்டிருப்பேன். ஆனால் என் இடத்தில் அவள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யாரும் அவளிடம் கேட்பதில்லை. கேள்விகள் எல்லாம் எனக்கு மட்டும்தான்.

ரஸ்ஸை இருக்கை மாற்றியது நான். அவன் விழித்திருக்கும்போதே மாற்றினேன். ஓட்டியதாக அவனை நம்பவைத்தது நான். போலீஸிடமும் டாக்டரிடமும் நீதிமன்றத்திலும் பொய் சொன்னது நான். இதில் எதையும் மறுக்கப் போவதில்லை.

இன்னொன்று இருக்கிறது. கோல்பியின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள், அதில் அது இல்லை. தானாகத்தான் வண்டியை எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறான். அப்படி இல்லை. ஐஸ் தீர்ந்ததும் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தது நான். "நான் நெறைய குடிச்சிருக்கேம்மா, வேணாம். நீ போயிட்டு வாயேன்," என்றான். "நானும்தான் குடிச்சிருக்கேன். என்னப் பிடிச்சா என் வேல போயிடும். நீ போ, இந்த ரோட்ல யாரு வரப்போறா," என்றேன். சாவியை மேசையில் வைத்தான். நான் அதைத் திரும்பவும் எடுத்து அவன் சட்டைப் பைக்குள் போட்டேன். குடித்திருப்பவன் கையில் சாவியைக் கொடுத்து, அதில் ஒரு உயிர் போனால், கொடுத்தவருக்கு என்ன தண்டனை என்பதும் எனக்குத் தெரியும். அந்த மனுக்களையும் நான் தட்டச்சு செய்திருக்கிறேன். பள்ளத்தில் அந்த வண்டியைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். கோல்பியின் வயசு அதற்கு அடுத்தபடியாகத்தான் வந்தது.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் இதையும் போடுங்கள்: நான் செய்த எல்லாமே என் பிள்ளைக்காகத்தான்.